வீட்டுக்குள் ஓடும் கிள்ளான் ரயில்



பிறந்தநாளுக்கு வாங்கித் தந்த மின்சாரப் பொம்மை ரயில் ஒரு வீட்டில் எத்தனை நாள் ஓடும்? பல வீடுகளில் இரண்டு வாரம். வட்டமாகத் தண்டவாளத்தைப் பூட்டி விசையைத் திருகினால் சுற்றிச் சுற்றி வரும். மூன்றாவது வாரம் பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் போய்விடும். பிள்ளைக்குப் பொறுமை இல்லை என்று பெற்றோர் குறைபடுவார்கள். பிள்ளைமேல் என்ன தவறு? அந்த ரயிலுக்குப் போக ஊரில்லை, ஏற்றச் சரக்கில்லை, செய்ய வேலையில்லை.

அதே ரயிலுக்குக் கோலாலம்பூர் என்று ஒரு நிலையமும் கிள்ளான் என்று ஒரு நிலையமும் கொடுத்துப் பாருங்கள்.

1886-இல் கோலாலம்பூரிலிருந்து போடப்பட்ட பாதை முதலில் புக்கிட் கூடாவோடு நின்றது. ஆற்றுக்கு அக்கரையில் கிள்ளான். 1890-இல் பாலம் கட்டி முடித்த பிறகுதான் வண்டி ஊருக்குள் நுழைந்தது. 1901-இல் சுவெட்டன்ஹம் துறைமுகம் திறக்கப்பட்டது; 1972-இல் அதற்குக் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறியது. மாதிரி ரயில் கட்டுகிறவருக்கு இதைவிட நல்ல பாதை வாய்க்குமா? ஒரு முனையில் ஹப்பேக் வடிவமைத்த 1910-ஆம் ஆண்டுக் குவிமாட நிலையம், இடையில் ரப்பர்த் தோட்டம், ஆறு, பாலம், மறுமுனையில் கப்பல்.

முழுவதையும் கட்டிவிடலாம் என்று ஆசைப்பட வேண்டாம். ஏறக்குறைய 33 கிலோமீட்டர் தூரம் அது. 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் 379 மீட்டர் வரும். எந்தத் தாமான் வீட்டில் அவ்வளவு இடம் இருக்கிறது? கோலாலம்பூர், பத்து திகா, கிள்ளான் என்று மூன்று நிலையங்கள் போதும். எட்டடிக்கு நான்கடிப் பிளைவுட் பலகை ஒன்றில் அடங்கிவிடும்.

அளவில்தான் ஒரு சிக்கல். கடைகளில் கிடைக்கும் மாதிரிகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய, அமெரிக்க, ஜப்பானிய ரயில்கள். எச்ஓ அளவின் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர், அது 1435 மில்லிமீட்டர் அகலப் பாதைக்கு உரியது. மலாயாப் பாதையின் அகலமோ ஒரு மீட்டர்தான். எச்ஓ அளவில் அது பதினொன்றரை மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கணக்கில் கெட்டிக்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். என் அளவின் 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தைப் போட்டு, பெட்டிகளையும் நிலையத்தையும் 111-இல் ஒரு பங்காகத் தாங்களே அட்டையிலும் பிளாஸ்டிக் தகட்டிலும் வெட்டிக்கொள்வது. வேலை கூடுதல்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நான்கு பேர் ஒரே மேசையில் உட்கார அதுவே காரணமாகிறது. ஒருவர் கூரை ஒட்டுவார், ஒருவர் கம்பி பற்றவைப்பார், சின்னவள் ரப்பர் மரத்துக்குப் பச்சை வண்ணம் பூசுவாள். பக்கத்து வீட்டுச் சீன அங்கிளுக்கு மின்கம்பி வேலை தெரியும் என்பது அன்றைக்குத்தான் வெளியே வரும்.

நம் ஊர்ப் புழுக்கத்தை மறந்துவிடக் கூடாது. பலகையின் ஒரு பக்கம் மட்டும் வார்னிஷ் அடித்தால் ஆறு மாதத்தில் முதுகு வளைந்துவிடும். இரண்டு பக்கமும் அடிக்க வேண்டும். வண்டி ஓட்டுவதற்கு முன் தண்டவாளத்தைத் துடைக்காவிட்டால் வண்டி தயங்கித் தயங்கி நிற்கும்.

இனிதான் முக்கியமான வேலை. கட்டுவது பாதி, நடத்துவது மறுபாதி. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்தால் என்ன ஆகும்? அதற்காகவே டோக்கன் முறை வந்தது. இரு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைந்த இரண்டு பெட்டிகள். இரண்டிலிருந்தும் சேர்த்து ஒரு நேரத்தில் ஒரு சாவிதான் வெளியே வரும். அடுத்த நிலையம் மணியடித்துச் சம்மதம் சொல்ல வேண்டும். சாவி கையில் இல்லாமல் ஓட்டுநர் நகரக் கூடாது. சிங்கப்பூரின் புக்கிட் தீமா நிலையத்தில் 2011 ஜூன் 30 வரை இந்தச் சாவி கை மாறியது. வீட்டில் இதற்குப் பெரிய செலவில்லை. இரண்டு அழைப்பு மணிகளும் ஒரு பழைய பித்தளைச் சாவியும் போதும்.

இந்த வேலையைச் சொல்லித்தர ஆள் எங்கே? பிரிக்பீல்ட்ஸில் கேட்டுப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஸ்டேஷன் மாஸ்டராகவும் கிளார்க்காகவும் இருந்தவர்கள், தமிழ்நாட்டிலிருந்து வந்து தண்டவாளம் போட்டவர்கள், செந்தூல் பணிமனையில் சம்மட்டி பிடித்தவர்கள் என்று இவர்களின் குடும்பங்கள் வாழ்ந்த இடம் அது. வண்டிகளைப் பிரித்துக் கோத்த அங்குள்ள யார்டு இருந்த இடத்தில்தான் 2001-இல் கே.எல். சென்ட்ரல் திறக்கப்பட்டது. 1995-இல் மின்சாரக் கம்முட்டர் வந்தது. கைகாட்டி மரமும் விளக்குக் கம்பமும் போயின. முப்பது வருடம் ரயிலில் வேலை பார்த்துவிட்டு வந்த தாத்தாவிடம் வீட்டில் யாரும் அந்த வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். உட்கார வைத்துக் கேட்டாலும் அவர் என்ன சொல்வார்? "இருந்துச்சு, செஞ்சோம்" என்பதோடு முடிந்துவிடும். அந்த அறிவு வாயில் இல்லை, கையில் இருக்கிறது. கையில் சாவி விழுந்தால்தான் மணி எத்தனை முறை அடிக்க வேண்டும், எந்த வண்டியை ஒதுக்கி எதற்கு வழி விட வேண்டும் என்பதெல்லாம் வெளியே வரும்.

அதனால் வீட்டில் யார் எந்த வேலை பார்ப்பது என்பதில் ஒரு யோசனை. பிள்ளைகள் ஓட்டுநர்கள். அம்மாவிடம் கடிகாரம். பத்து நிமிடத்தை ஒரு மணி நேரமாக வைத்தால் ஒரு நாள் அட்டவணை நான்கு மணி நேரத்தில் ஓடி முடியும். அங்கிளுக்குக் கிள்ளான். பத்து திகாவை மட்டும் தாத்தாவிடம் விட்டுவிட வேண்டும். வண்டிகள் ஒன்றையொன்று கடப்பது அங்கேதான்.

ரப்பர் ஏற்றிய சரக்கு வண்டி பத்து திகாவில் நிற்கிறது. கடிகாரத்தில் ஐந்தே கால். அட்டவணைப்படி அது ஐந்துக்கே கிளம்பியிருக்க வேண்டும்.

"தாத்தா, லேட்டாயிடுச்சு. சாவியைக் குடுங்க."

"கிள்ளான்ல இன்னும் மணியே அடிக்கலியேடா."

"அங்கிள் காப்பி குடிக்கிறாரு தாத்தா!"

"குடிச்சிட்டு அடிக்கட்டும். நீ வண்டியை நிறுத்தியே வை."