நர்சிங்கா, சுவாச சிகிச்சையா?
(நூற்றாண்டு விழாவில் மாணவியருக்கு ஆற்றிய உரை)



இங்கே படித்து வைத்தியத் துறைக்குப் போன எங்களிடம் உயர்தரத் தங்கைகள் கேட்கும் கேள்வி இது: "அக்கா, நர்சிங் படிப்பதா, ரெஸ்பிரேட்டரி தெரபி படிப்பதா?" வெளிநாட்டு மாமா ஒன்று சொல்கிறார், முகவர் ஒன்று சொல்கிறார். செலவாகப்போவதோ அம்மா கொழுந்து பறித்த காசு, அப்பாவின் சேமலாப நிதி. ஆகவே தெளிவாகப் பேசுவோம்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் சுவாச சிகிச்சை ஒரு தனித் தொழில். ஒக்சிசன், மூச்சுக்குழாய், வென்டிலேட்டர் ஆகியவை அவர்கள் பொறுப்பு. வார்டு வார்டாகப் போய் மூச்சை மட்டும் கவனிப்பார்கள். தாதியோ நோயாளியின் அருகிலேயே நிற்பவர். மருந்து, உணவு, புண், பயம் எல்லாம் அவர் கையில்.

நம் நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அப்படியொரு தனிப் பதவி கிடையாது. வென்டிலேட்டரை மயக்க மருந்து வைத்தியர்கள் அமைக்கிறோம். சளியை உறிஞ்சி எடுத்து, இரவு பகலாகக் கண் வைத்திருப்பவர் தாதி. நெஞ்சுச் சளியை இளக்கி வெளியேற்ற உதவுபவர் இயன்மருத்துவர். 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது இயந்திரங்கள் போதவில்லை. சுமார் 1500 மாணவர்கள் முறைவைத்துப் பையைக் கையால் அழுத்தி நோயாளிகளுக்கு மூச்சுக் கொடுத்தார்கள். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கிருந்தே வளர்ந்தது. இயந்திரம் வந்த பிறகும் பக்கத்தில் ஆள் வேண்டும்.

ஆகவே தங்கைகளே, இயந்திரமும் அளவீடுகளும் உங்களை இழுத்தால் சுவாச சிகிச்சை நல்ல தொழில்தான். இந்தியாவில் மணிப்பால் போன்ற இடங்களில் பட்டப்படிப்பு உண்டு. ஆனால் பணம் கட்டுமுன், எந்த நாட்டில் வேலை செய்யப் போகிறீர்கள், அந்த நாடு இந்தப் பட்டத்தை ஏற்குமா என்று எழுத்தில் கேளுங்கள். ஊரில் இருந்துகொண்டே மூச்சு நோயாளிகளைப் பார்க்க விரும்பினால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பேராதனையில் நான்கு வருட இயன்மருத்துவப் பட்டம். மற்றது நர்சிங். அரசாங்கத்தின் மூன்று வருடப் பயிற்சியில் கொடுப்பனவும் கிடைக்கும், பதுளையிலேயே தாதியர் பயிற்சிக் கல்லூரியும் இருக்கிறது. பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் பட்டமும் படிக்கலாம். தாதியானபின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்து வென்டிலேட்டரையும் கற்கலாம்.

இன்னொன்று. ஸ்பிரிங்வெளி லயத்தில் விறகுப் புகையில் சமைத்த அம்மா, நடுச்சாமத்தில் இழுப்போடு பதுளை ஆஸ்பத்திரிக்கு வருகிறார். "மூச்சு முட்டுதும்மா" என்று அவர் சொல்வது விளங்கும் தாதி பக்கத்தில் இருந்தால் பாதிப் பயம் தீரும். அப்படிப்பட்ட பிள்ளைகள் ஊவாவுக்குப் போதாது. சிங்களத்தையும் நன்றாகப் படியுங்கள், வார்டில் இரண்டும் வேண்டும்.

எதைத் தெரிந்தாலும் விசாரித்துத் தெரியுங்கள். விண்ணப்பம் நிரப்பவும் வர்த்தமானி அறிவித்தலை வாசித்து விளக்கவும் அக்காமார் நாங்கள் இருக்கிறோம்.