கேட்கும் உரிமையும் காக்கும் கடமையும்

(திருச்சிராப்பள்ளி, கே.கே. நகரில் கூடிய தமிழன்பர்களுக்கென ஆற்றப்பெற்ற உரையின் எழுத்துவடிவம்)



காவிரி என்னும் பெயரைக் கேட்ட அளவில் தமிழன் குருதி கொதிக்கின்றது. கொதிக்கத்தான் வேண்டும். திருவள்ளுவர் ஆண்டு 2049-இல், அஃதாவது 2018 பிப்பிரவரி 16-ஆம் நாளன்று, இந்திய உச்ச முறைமன்றம் காவிரி வழக்கில் தன் தீர்ப்பை உரைத்தது. தமிழகத்திற்கு ஆண்டுதோறும் எல்லையில் விடுக்கப்பெற வேண்டிய நீர் 19,200 கோடி கன அடி என்று 2007-இல் நடுவர் மன்றம் வரையறுத்திருந்தது. அவ்வளவு 17,725 கோடி கன அடியாகக் குறைக்கப்பெற்றது. குறைந்த 1,475 கோடி கன அடியும் கருநாடகத்தின் பங்கில் சேர்ந்தது. தமிழகம் கொதித்தது, கடைகள் அடைக்கப்பெற்றன, தொடர்வண்டிகள் மறிக்கப்பெற்றன. அவையெல்லாம் வேண்டியனவே.

ஆயினும், அக்குறைப்புக்குக் காட்டப்பெற்ற கரணியங்களுள் ஒன்றைத் தமிழருள் பலர் இன்றுவரை கூர்ந்து நோக்கினாரல்லர். தமிழகத்துக் காவிரிப் படுகையில் நிலத்தடி நீர் உண்டு. அதில் 1,000 கோடி கன அடியையேனும் தமிழகத்தின் கணக்கில் வைக்கலாம் என்பதே அது. ஆற்றில் வரும் நீர் மட்டுமன்று, கிணற்றில் ஊறும் நீரும் பங்கீட்டுக் கணக்கில் ஏறிவிட்டது என்பது இதன் பொருள். அந்த நிலத்தடி நீர் தூயதா, உவரா, நஞ்சா என்று கணக்கேடு கேட்பதில்லை. ஆகவே அந்நீர் கெட்டுப்போகுமாயின் தமிழன் இருமுறை இழக்கின்றான். ஒருமுறை எல்லையில், மறுமுறை தன் கொல்லையில்!

எல்லையில் இழந்ததற்குப் பிறரைக் குற்றஞ்சாட்டலாம். கொல்லையில் இழப்பதற்கு யாரைச் சாட்டுவது?

உய்யக்கொண்டான் படும் பாடு

கே.கே. நகர் ஆற்றங்கரை ஊரன்று. மாநகரின் தென்பால் அமைந்த குடியிருப்பு. காவிரியைக் கண்ணால் காணாமலே இங்குத் திங்கட்கணக்கில் வாழ்ந்துவிடலாம். ஆனால், காவிரியைக் குடிக்காமல் வாழவியலாது. இம்மாநகரின் குழாய்களில் வருவது, கம்பரசம்பேட்டை முதலிய இடங்களில் காவிரி, கொள்ளிடம் ஆகியவற்றின் மணற்படுகையில் இறக்கப்பெற்ற கிணறுகள் ஈட்டித் தரும் நீரே. கொடுப்பது ஆறு. அவ்வாற்றுக்கு ஊர் திருப்பிக் கொடுப்பது என்ன?

அதற்கு விடை வேண்டுவோர் உய்யக்கொண்டான் கரையில் சிறிது தொலைவு நடந்து பார்க்கட்டும். பேட்டைவாய்த்தலை அருகே காவிரியின் தென்கரையில் பிரிந்து, உய்யக்கொண்டான் திருமலையை அடுத்தோடி, புத்தூர், பாலக்கரை வழியாக மாநகரை ஊடறுத்து, வாழவந்தான்கோட்டை ஏரிவரை ஏறத்தாழ 70 கி.மீ. ஓடும் கால்வாய் அது. முதலாம் இராசராசன் காலத்தது என்பது மரபு. உய்யக்கொண்டான் என்பது அம்மன்னன் தாங்கிய பெயர்களுள் ஒன்று. மக்கள் உய்யும்படி ஆட்கொண்டவன் என்பது அதன் பொருள். அப்பெயர் பூண்ட நீரோட்டத்தில் இன்று வீட்டுக் கழிவும் கடைக் கழிவும் நெகிழிப் பைகளும் வந்து விழுகின்றன. மாநகரைக் கடந்ததும் அதே நீர்தான் கீழ்ப்புறத்து உழவனின் வயலில் பாய்கின்றது. ஊரார் கழுவி ஊற்றியதை உழவன் நெல்லுக்கு ஊட்டுகின்றான். அந்நெல் மீண்டும் ஊரார் இலைக்கே வருகின்றது.

ஈண்டு மொழிக்கும் ஒரு பங்குண்டு. ஆறு என்றும் வாய்க்கால் என்றும் வழங்கியதை இற்றை வாய்கள் சாக்கடை என்கின்றன. பெயர் மாறியவுடன் மனமும் மாறிவிடுகின்றது. வாய்க்கால் என்பதில் குப்பை கொட்டக் கை கூசும். சாக்கடை என்பதில் கூசாது. ஆகலின், உய்யக்கொண்டானைச் சாக்கடை என்று சொல்லாதிருப்பதே நீர்க்காப்புப் பணியின் முதற்படி என்க.

மணலும் மழையும்

மணலைக் கட்டடப் பொருளென்று மட்டும் கருதுவது பெரும்பிழை. மணற்பருக்கைகளின் இடையே உள்ள நுண்ணிய வெற்றிடங்களில் நீர் தங்குகின்றது. மெல்ல மெல்லக் கீழிறங்குகையில் அதன் கலங்கலும் நோய்நுண்ணுயிர்களும் பெரும்பகுதி வடிகட்டப்பெறுகின்றன. மணலே ஆற்றின் நீர்த்தொட்டி; மணலே ஆற்றின் வடிகட்டி. அளவின்றி அதை அள்ளினால் படுகை தாழும். படுகை தாழ்ந்தால் கரையோரக் கிணறுகளின் நீர்மட்டம் தாழும். வாய்க்கால்களின் தலைமதகுக்கு நீர் ஏறாது. பாலங்களின் அடித்தூண்கள் வெளிப்படும். கடலோரத்தில் உவர்நீர் உள்ளேறும்.

2018 ஆகத்து 22-ஆம் நாளன்று இரவு, முக்கொம்பில் 1836-இல் ஆர்தர் காட்டன் எழுப்பிய கொள்ளிடக் கதவணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. அதே வெள்ளக் காலத்தில் திருவரங்கத்தை ஒட்டிய கொள்ளிடப் பழம்பாலத்தின் தூணும் சரிந்தது. அணையின் முதுமையை அரசு சுட்டியது. மணற்கொள்ளையை உழவர் அமைப்புகள் சுட்டின. முதுமை இயற்கையின் செயல். கொள்ளையோ மாந்தரின் செயல். தடுக்கக் கூடியது இரண்டாவதே.

இதே மாவட்டம் அதற்கு ஈராண்டு முன்பு எவ்வாறிருந்தது? 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் வழக்கமான அளவில் பாதிகூடப் பெய்யவில்லை. 2017 சனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி வாய்ப்பட்டதாக அரசே அறிவித்தது. வறண்டு வெடித்த அதே ஆறு 2018-இல் அணையையே பெயர்த்தது. தனியொரு வெள்ளத்தையோ தனியொரு வறட்சியையோ புவி வெப்பேற்றத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிடுதல் அறிவியலாகாது. ஆனால், போக்கு தெளிவானது. ஆலைப் புரட்சிக்கு முன் காற்றில் பத்து நூறாயிரம் பங்குக்கு ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரிவளி இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. நிலக்கரியும் கல்நெய்யும் எரித்ததன் விளைவு இது. காற்று ஒரு பாகை வெப்பம் ஏறினால் நூற்றுக்கு ஏழு பங்கு அளவில் கூடுதலாக நீராவியைத் தாங்கும். ஆகவே பெய்யாத நாள்கள் நீளும்; பெய்யும் நாளில் கொட்டித் தீர்க்கும். கொட்டும் மழையைத் தாங்கி வைக்க ஏரியும் குளமும் மணற்படுகையும் வேண்டும். வானம் பிறழும் காலத்திலேதான் நிலம் செம்மையாக இருத்தல் வேண்டும். திருக்குறளில் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்த மரபினர்க்கு இதனைப் பிறர் சொல்லித் தரவேண்டுவதில்லை.

எளியோர் வென்ற கதை

“ஆலையும் ஆட்சியும் பெரியவை, தெருவில் வாழ்வோர் என்ன செய்யவியலும்?” என்று கேட்போர் உளர். அவர்க்கு விடை வரலாற்றில் உள்ளது.

தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காட்டு மாவட்டத்தில் பிளாச்சிமடை என்னும் சிற்றூர். அங்கே கொக்கோகோலா ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சியது, ஊர்க்கிணறுகள் வற்றின, எஞ்சிய நீர் வாயில் வைக்க ஒண்ணாததாயிற்று. 2002 ஏப்பிரல் 22-ஆம் நாளன்று அவ்வூர்ப் பழங்குடியினர் ஆலையின் முன் அமர்ந்தனர். அவர்களை முன்னின்று நடத்திய மயிலம்மா பெரும்படிப்புப் படித்தவரல்லர். தம் கிணற்றை அறிந்தவர். 2004 மார்ச்சில் ஆலை நின்றது.

திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலில் ஓடியது. உழவர்க்கென 1992-இல் கட்டி முடிக்கப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணை, உழவரை அழிக்கும் நச்சுத் தேக்கமாயிற்று. நொய்யல் பாசன உழவர் ஆண்டுக்கணக்கில் வழக்காடினர். 2011 சனவரியில் சாய ஆலைகளை மூடும்படி உயர்முறைமன்றம் ஆணையிட்டது. கழிவுநீரைச் சிறிதும் வெளிவிடாத ஏற்பாடு கட்டாயமாயிற்று.

பொருநையில் மணல் அள்ளுவதை எதிர்த்து, எண்பத்தைந்து அகவையிலும் மதுரை உயர்முறைமன்றக் கிளையில் தாமே நின்று வழக்காடினார் நல்லகண்ணு. 2010-இல் அங்கு மணல் அள்ளத் தடை பிறந்தது.

தஞ்சை மண்ணில் மீத்தேன் எடுக்கும் திட்டம் வந்தபோது ஊர்ஊராக நடந்து எடுத்துரைத்தார் நம்மாழ்வார். நிலக்கரிப் படிவத்திலிருந்து அவ்வளியை எடுக்க வேண்டுமாயின், முதலில் அங்குள்ள நீரை இறைத்து வெளியேற்ற வேண்டும். எடுத்த வளியை எரித்தால் வானம் வெதும்பும். எடுப்பதற்கே நிலத்தடி வறளும். அந்தப் பரப்புரைப் பணியிலேயே 2013 திசம்பர் 30-இல் அவர் உயிர் பிரிந்தது. 2015-இல் தமிழக அரசு அத்திட்டத்திற்குத் தடை விதித்தது. 2017-இல் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசல் மக்கள் அதே உணர்வுடன் எழுந்தனர்.

இவை எல்லாவற்றிலும் பொதுவாய் நிற்பன மூன்று. நீரைக் குடிப்பவரே போராட்டத்தைத் தொடங்கினர். வெறும் முழக்கத்தோடு நில்லாமல், கெட்டுப்போன நீரைச் சான்றாக நிறுத்தினர். ஒரு நாளில் கலைந்துவிடாமல் ஆண்டுகள் பொறுத்து நின்றனர்.

ஏரி வாரியமும் இற்றைத் தெருவும்

முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியம் என ஒன்றைக் குறிக்கின்றன. ஏரியைக் காப்பதற்கென்றே குடவோலை வழித் தேர்ந்தெடுக்கப்பெற்ற குழு அது. அவ்வூரவை பார்ப்பனர் ஊரவை. நிலமும் கல்வியும் உடையார்க்கே அங்கு இடம். மடை திறந்து, கரை காத்து, சேற்றில் இறங்கி உழைத்த நீர்க்கட்டிகளுக்கும் மடையர்களுக்கும் அங்கு இடமில்லை. மடை காத்தவனைக் குறித்த மடையன் என்னும் சொல், இன்று வசைச்சொல்லாக மட்டுமே காதில் விழுகின்றது. உழைத்தவனை இகழ்ந்த குமுகாயம் உழைப்பின் பயனையும் இழந்தது. ஆகவே பழமையை அப்படியே மீட்க வேண்டுவதில்லை. ஏரி ஊரின் பொறுப்பு என்னும் கருத்தை மீட்டு, அதனை எல்லார்க்கும் உரியதாக்க வேண்டும். கே.கே. நகரின் ஏரி வாரியத்தில் ஆண்டவன் பேரால் உயர்ந்தவனும் இல்லை, தாழ்ந்தவனும் இல்லை. வீட்டுவேலை செய்யும் தாயும், தூய்மைப் பணியாளரும், ஓய்வுபெற்ற பொறியாளரும், பள்ளி மாணவனும் ஒரே பாயில் அமர்வர்.

அவ்வாரியம் செய்யத்தக்கன பல. எளிய சிலவற்றை எண்ணிப் பாருங்கள்.

முதலாவது, தெருவின் கழிவுநீர் எங்கே போகின்றது என்பதை நடந்து கண்டறிதல். எந்தக் குழாய் எந்த வாய்க்காலில் விழுகின்றது என்று வரைந்து வைத்தல். வரைபடம் கையில் இருந்தால் அதிகாரி மறுத்துரைக்க முடியாது.

இரண்டாவது, நீரை ஆய்வு செய்வித்தல். குடிநீரில் கரைந்துள்ள உப்புகள் இலிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் நன்று. வேறு நீர் இல்லாவிடத்து 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தரநிலை. நைட்ரேட்டு 45 மில்லிகிராமைக் கடத்தல் கூடாது. அது கூடினால் சாக்கடையோ உரமோ கிணற்றில் கலக்கின்றது என்று ஐயுறலாம். ஆண்டுக்கு இருமுறை, கோடையிலும் மழைக்குப் பின்னும், அளந்து குறித்து வைத்தல் வேண்டும்.

மூன்றாவது, சட்டத்தைக் கையாளுதல். நீரோட்டத்தில் நஞ்சும் மாசும் விடுவதை 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் தடுக்கின்றது. ஆய்வறிக்கைகளைக் கேட்டுப் பெற 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் வழிவகுக்கின்றது. ஒரு வெள்ளைத்தாளும் சிறு கட்டணமும் போதும்.

நான்காவது, மழையைப் பிடித்தல். கட்டடந்தோறும் மழைநீர்ச் சேமிப்பைத் தமிழகம் 2003-இலேயே கட்டாயமாக்கியது. பல வீடுகளில் அது மண்மூடிய குழாயாகக் கிடக்கின்றது. பத்து மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் உள்ள மாடியில் பத்துச் செண்டிமீட்டர் மழை பெய்தால், விழும் நீர் 10,000 இலிட்டர். அதனைத் தெருவுக்குத் தள்ளிவிட்டு, மறுதிங்கள் குடுவைநீரை விலைக்கு வாங்கும் மடமை ஒழிதல் வேண்டும். கோடையில் வழிப்போக்கனுக்கு இலவயமாகத் தண்ணீர்ப் பந்தல் வைத்த இனம், தன் பிள்ளைக்கு நீரை விலைகொடுத்து வாங்குவது பெருமையாகுமா?

தமிழ்ப் பெருமக்களே! காவிரியில் தமிழனுக்குள்ள உரிமை மறுக்கவொண்ணாதது. அவ்வுரிமைக்கான போர் ஓயக்கூடாது. ஆனால், எல்லையில் நின்று நீர் கேட்கும் கை, தன் தெருவில் அந்நீரில் குப்பை எறியும் கையாக இருத்தல் கூடாது. கேட்பது ஒரு கை. காப்பது மறு கை. இரு கையும் சேர்ந்தாலன்றி நீர் ஏந்தவியலாது.

இக்கூட்டம் கலைந்து இல்லம் ஏகும் ஒவ்வொருவரும் தம் தெருவின் கழிவுநீர் எங்கே போகின்றது என்பதை நாளைக் காலையிலேயே நடந்து காணட்டும். அங்கிருந்து தொடங்கும் போர், பிலிகுண்டுலுவரை தலைநிமிர்ந்து செல்லும்.

உய்யக்கொண்டான் மீண்டும் உய்விக்கட்டும்! காவிரி வெல்க! தமிழ் வெல்க!