நூலும் கயிறும்

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி இடைசெவல் என்றொரு சிற்றூர் இருக்கிறது. வானம் பார்த்த கரிசல் பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் விதைத்து வந்த சீமை. பருத்திக்காட்டில் பிறந்த என் போன்றோருக்கு ‘நூல்’ என்ற சொல்லைக் கேட்டால் இரண்டு பொருள் தோன்றும். பஞ்சிலிருந்து திரிப்பதும் நூல். படித்துத் தெளிவதும் நூல். பிரிந்து கிடப்பதை இணைப்பதே இரண்டிற்கும் பொதுவான தொழில் போலும்.

கதைகளும் கவிதைகளும் மனத்தை இளக்குகின்றன, உண்மை. ஆயினும், சமுதாயத்தை உள்ளவாறே ஆராயும் உரைநடை நூல்கள் நம் வாழ்வை நமக்கே எடுத்துக் காட்டுகின்றன. அத்தகைய மூன்று நூல்கள் எனக்குக் கற்பித்ததை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதல் நூல் ஓர் அகராதி. இடைசெவலில் பிறந்த எழுத்தாளர் இருவரை நீங்கள் அறிவீர்கள்: ஒருவர் கு. அழகிரிசாமி, மற்றவர் அவருடைய இளமைக்கால நண்பர் கி. ராஜநாராயணன். உயர்நிலைக் கல்வியை முடிக்காத உழவரான கி.ரா., நண்பர்கள் பலரின் துணையோடு கரிசல் வட்டார வழக்குச் சொற்களைத் திரட்டி 1980களின் தொடக்கத்தில் அகராதியாக வெளியிட்டார். ‘சம்சாரி’ என்றால் பிற ஊர்களில் குடும்பஸ்தன். எங்கள் சீமையிலோ அவன் உழவன். இத்தகைய சொற்களைக் கற்றோர் பலர் கொச்சை என்று ஒதுக்கியிருந்தார்கள். ஒருவனுடைய பேச்சை ஒதுக்குவது அவனையே ஒதுக்குவதாகும் அன்றோ? கி.ரா.வின் வீட்டுமொழி தெலுங்கு. அவ்வாறிருந்தும் ஊராரின் தமிழை அவர் காதுகொடுத்துக் கேட்டார். பிறர் சொல்லை மதித்துக் கேட்பதே மனித உறவின் முதற்படி என்பது நான் பெற்ற முதற்பாடம்.

இரண்டாம் நூல் கடல் கடந்த நாட்டில் தோன்றியது. ராபர்ட் புட்னம் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் 2000ஆம் ஆண்டில் ‘பௌலிங் அலோன்’ என்ற நூலை வெளியிட்டார். தனியே பந்துருட்டி ஆடுதல் என்பது பெயரின் பொருள். 1980க்கும் 1993க்கும் இடையே அந்நாட்டில் அவ்வாட்டம் ஆடுவோர் தொகை 10 விழுக்காடு பெருகியது. ஆனால் குழுவாகச் சேர்ந்து ஆடுவது 40 விழுக்காடு குறைந்தது. விளையாட்டு வளர்ந்தது, கூட்டுறவு தேய்ந்தது. சங்கங்களும் கூடிப் பேசும் வழக்கமும் மறைந்தால் ஒருவர் மேல் ஒருவர் வைக்கும் நம்பிக்கை குன்றும். நம்பிக்கை குன்றினால் மக்களாட்சியும் தளரும் என்பது அவர் முடிவு.

“எங்கள் ஊரில் அந்தக் குறை இல்லையே, திருவிழா, கல்யாணம், துக்கம் எல்லாவற்றிற்கும் திரண்டு வருகிறோமே” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. புட்னமே உறவை இரு வகையாகப் பிரிக்கிறார். தம்மைப் போன்றவரோடு இறுகச் சேர்வது ஒரு வகை. தம்மைப் போலல்லாதாரிடம் பாலம் அமைப்பது மற்றொரு வகை. திரள்கிறோம், சரி, யாரோடு திரள்கிறோம்?

இவ்வினாவை நம் நாட்டில் மிகக் கூர்மையாக எழுப்பியது மூன்றாம் நூல். 1936ஆம் ஆண்டில் லாகூரில் ஒரு சீர்திருத்தச் சங்கத்தின் மாநாட்டிற்குத் தலைமை தாங்க டாக்டர் அம்பேத்கரை அழைத்தார்கள். அவர் எழுதிய உரையைக் கண்டு அஞ்சி, மாநாட்டையே கைவிட்டார்கள். அவரோ அதனைத் தம் செலவில் 1,500 படிகள் அச்சிட்டு வெளியிட்டார். அதுவே சாதி ஒழிப்பு பற்றிய புகழ்பெற்ற நூல். பேச இடம் மறுக்கப்பட்ட உரை அச்சேறி நாடெங்கும் பேசியது! மக்களாட்சி என்பது வெறும் அரசாங்க முறையன்று. மக்கள் ஒருவரோடொருவர் கலந்து, அனுபவங்களைப் பகிர்ந்து வாழும் முறை என்று அதில் அவர் வாதிடுகிறார். வாக்குச்சாவடியில் ஒரே வரிசையில் நின்றுவிட்டுத் தெருவுக்குத் திரும்பியதும் பிரிந்துவிடுவோமாயின், நம்மிடம் இருப்பது பாதி மக்களாட்சியே.

இது பழங்கதையன்று. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், உடன் படித்தவர்களே ஒரு பட்டியல் சாதி மாணவனையும் அவனைக் காக்க வந்த தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. பருத்தி நூலைத் திரித்தால் கயிறு. இணைக்கப் பிறந்த நூல், பிரிக்கும் கயிறாகப் பிள்ளைகளின் கையில் ஏறிவிட்டது.

கயிறு கட்டியவரை மட்டும் குறைகூற எனக்கு உரிமையில்லை. நான் பள்ளியில் படித்தபோது ஐந்து ஆண்டுகள் ஒரே பலகையில் என்னோடு அமர்ந்த நண்பன் ஒருவன் இருந்தான். அவன் என் வீட்டுத் திண்ணை வரை வந்திருக்கிறான். உள்ளே வா என்று நான் அழைத்ததில்லை. அவன் தெருவுக்கு நான் ஒருநாளும் போனதில்லை. என் கையில் கயிறு இல்லை, மனத்தில் இருந்தது. அம்பேத்கரின் நூலைப் படித்த இரவில்தான் அது எனக்குப் புலப்பட்டது. அதற்குள் அவன் ஊரை விட்டே போய்விட்டான்.

மாணவ நண்பர்களே, நல்ல நூலைப் படித்து முடித்தபின் மூடி வைத்துவிடாதீர்கள். அடுத்த விடுமுறை நாளில், உங்கள் வகுப்பில் நீங்கள் இதுவரை செல்லாத தெருவில் வாழும் ஒரு தோழரின் வீட்டிற்குச் சென்று வாருங்கள். அவரை உங்கள் வீட்டிற்குள் அழைத்து உடன் அமர்ந்து உண்ணுங்கள். நான் காலம் கடந்து கற்ற பாடத்தை நீங்கள் காலத்தே கற்றுக்கொள்ளலாம்.