டிராக்டர் எஞ்சின் திணறினால் பம்பைப் பிரிக்காதீர்கள்

(நெய்வேலிப் பகுதி உழவர்களுக்கு ஆற்றிய உரை)



உங்களில் பலர் நெய்வேலிச் சுரங்கத்தையும் அனல்மின் நிலையத்தையும் அன்றாடம் பார்ப்பவர்கள். வீட்டில் ஒருவர் சுரங்க வேலைக்கும் மற்றொருவர் நிலத்துக்கும் செல்லும் குடும்பங்கள் இங்கு உண்டு. சுரங்கத்தில் மண்ணை வாரும் பெரிய சக்கர இயந்திரங்கள் மின்சாரத்தில் ஓடுகின்றன. டீசலில் தண்ணீர், குழாயில் காற்று என்ற தொல்லை அவற்றுக்கு இல்லை. நம் பழைய டிராக்டருக்கு அந்தத் தொல்லைதான் முதல் தொல்லை. அதைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லி விடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடிப் பட்டத்தில், நீங்கள் மல்லாட்டை என்று சொல்லும் மணிலா விதைக்க, இப்பகுதி உழவர் ஒருவர் நிலத்தைத் தயார் செய்து கொண்டிருந்தார். அவருடைய பழைய மூன்று சிலிண்டர் டிராக்டர் சீராக ஓடாமல் விட்டு விட்டு ஓடியது. என்னிடம் யோசனை கேட்டார். சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, “டீசல் பம்பு கெட்டிருக்கும், கழற்றிக் கொடுங்கள்” என்றேன். நகையை அடகு வைத்துப் பம்பைப் பழுது பார்த்தார். திரும்ப மாட்டிய பிறகும் எஞ்சின் முன் போலவே திணறியது. கடைசியில் கண்டது, வடிகட்டியின் குழாய் இணைப்பில் நசுங்கிய ஒரு செம்பு வாஷர்! அதற்குள் செம்மண்ணில் இருந்த மழை ஈரம் காய்ந்து போயிற்று. விதைப்பும் தவறியது. அன்று முதல் நான் கடைப்பிடிக்கும் விதி ஒன்றுதான்: செலவில்லாத சோதனை முதலில், பம்பு கடைசியில்.

புகையைப் பாருங்கள்

சைலென்சர் புகையின் நிறம் பாதி உண்மையைச் சொல்லிவிடும். கரும்புகை வந்தால் காற்று போதவில்லை, அல்லது டீசல் மிகுதியாகப் போகிறது, அல்லது சுமை அதிகம். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. விடியற்காலையில் சிறிது நேரம் வெண்புகை வருவது இயல்பே. எஞ்சின் சூடான பிறகும் வெண்புகை நின்றபாடில்லை என்றால், டீசல் சரியாக எரியவில்லை அல்லது டீசலில் தண்ணீர் கலந்துள்ளது என்று கொள்ளலாம். அதோடு ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்து வந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சோதிக்க வேண்டும்.

டாங்கியில் தொடங்குங்கள்

சிறிது நேரம் நன்றாக ஓடி, பிறகு திணறி நிற்கிறதா? டாங்கி மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியிலுள்ள சிறு துளை அடைபட்டுள்ளது. ஒரு கம்பியால் குத்திச் சுத்தம் செய்தால் போதும். கட்டணம் எதுவும் இல்லை!

அடுத்து, காலையில் எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் டாங்கியின் அடித்திருகைச் சற்றுத் தளர்த்தி, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் டீசலைப் பிடியுங்கள். தண்ணீர் கனமானது ஆதலால் அடியில் தனியாக நிற்கும். தெளிந்த டீசல் வரும் வரை வடித்து விடுங்கள். மாலையில் வேலை முடிந்ததும் டாங்கியை நிரப்பி வைத்தால், இரவுக் குளிர்ச்சியில் உள்ளே நீர் கோப்பது குறையும். மண்ணெண்ணெய் கலந்த டீசலை ஒருபோதும் ஊற்ற வேண்டாம். பம்புக்கு மசகாக இருப்பது டீசல்தான். கலப்படம் பம்பைத் தின்றுவிடும்.

காற்றை வெளியேற்றுங்கள்

டாங்கிக்கும் பம்புக்கும் இடையே எங்கு காற்று புகுந்தாலும் எஞ்சின் மூச்சுத் திணறும். வடிகட்டி அடைபட்டிருந்தால் கையேட்டில் கண்டபடி புதிது மாற்றுங்கள். பிறகு வடிகட்டியின் மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, கைப்பம்பு நெம்புகோலை இயக்குங்கள். நுரையின்றி டீசல் வந்ததும் திருகை முடுக்குங்கள். அடுத்துப் பம்பிலுள்ள திருகில் இவ்வாறே செய்யுங்கள். நெம்புகோல் பிடிக்கவில்லை என்றால் எஞ்சினைச் சிறிது சுற்றிவிட்டு முயலுங்கள். எவ்வளவு இயக்கியும் நுரை நிற்கவில்லை என்றால் ஏதோ ஓர் இணைப்பு காற்றை இழுக்கிறது. இணைப்புகளிலுள்ள செம்பு வாஷர்களைப் பாருங்கள். ஒருமுறை நசுங்கிய வாஷரை மீண்டும் போடுவது சிக்கனம் அன்று.

ஏர் கிளீனரை மறவாதீர்கள்

கோடையில் நம் செம்மண் புழுதி அதிகம். எண்ணெய்த் தொட்டி வகை ஏர் கிளீனரில், புழுதியில் ஓட்டும் நாட்களில் தினமும் எண்ணெயைப் பாருங்கள். சேறானால் மாற்றிக் குறியளவு வரை மட்டும் ஊற்றுங்கள். அளவு மிஞ்சினால் எஞ்சின் அந்த எண்ணெயையே இழுத்துக் கட்டுப்பாடின்றி ஓடக்கூடும்.

எந்த சிலிண்டர் என்று கண்டுபிடியுங்கள்

இத்தனைக்கும் பிறகு எஞ்சின் ஒரே சீராக இல்லை என்றால், குறை ஒரு சிலிண்டரில் இருக்கலாம். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, நாசிலுக்கு வரும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாக அரைச் சுற்றுத் தளர்த்தி, உடனே முடுக்குங்கள். நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் ஓட்டம் இன்னும் கெடும். எதைத் தளர்த்தியும் மாற்றமே இல்லையோ, அந்த சிலிண்டர்தான் உழைக்கவில்லை. அதன் நாசிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். குறையும் உடன் இடம் மாறினால் நாசில் பழுது. இடம் மாறவில்லை என்றால் டேப்பெட் இடைவெளி, வால்வு, பிஸ்டன் வளையம் ஆகியவற்றை மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள். டேப்பெட் இடைவெளி உங்கள் கையேட்டில் கண்ட அளவில் இருக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். தளர்த்தும்போது நட்டின் மேல் துணி போட்டு, முகத்தை விலக்கிக் கொள்ளுங்கள். சூடான சைலென்சர் மேல் டீசல் தெறிக்கக் கூடாது. கழற்றிய நாசில் பீச்சுவதைக் கையால் சோதிக்கவே வேண்டாம். அந்த வேகத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசி குத்தியது போல் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மேலும், 2023 சனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்குப் புதிய புகை விதிகள் வந்துள்ளன. அவற்றில் பலவும் காமன் ரெயில் முறையில் இயங்குபவை. அத்தகைய எஞ்சினில் இந்த நட்டுச் சோதனையைச் செய்யவே கூடாது. இவ்வுரை பழைய வகை எஞ்சின்களுக்கு மட்டுமே பொருந்தும்.

பம்பு கடைசியில்

இத்தனையும் சரியாக இருந்து, எஞ்சின் இன்னும் திணறினால் மட்டுமே பம்பை ஐயுறுங்கள். அப்போதும் அதன் முத்திரையை நீங்களே உடைக்க வேண்டாம். சோதனை மேசை வசதியுள்ள பட்டறைக்குக் கொண்டு செல்லுங்கள். ‘இன்னின்ன சோதனைகள் செய்துவிட்டேன்’ என்று சொல்லிக் கொடுங்கள். சொல்பவரிடம் வேலை செய்யும் மெக்கானிக்கும் கவனமாக இருப்பார்.

இதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எத்தனை மணி ஓட்டினோம், என்று ஆயில் மாற்றினோம், என்று வடிகட்டி மாற்றினோம் என்று எழுதி வையுங்கள். மழை பெய்தவுடன் பழுது பார்க்க ஓடாதீர்கள். ஆடிக்கு முன்பே ஒரு நாள் டிராக்டருக்கு ஒதுக்குங்கள். ஈரம் நமக்காகக் காத்திருக்காது. அன்று நான் சொன்ன தவறான யோசனையால் ஒருவர் பட்டத்தை இழந்தார். இனி உங்களில் ஒருவரும் அவ்வாறு இழக்க வேண்டாம் என்று கேட்டு, என் உரையை முடித்துக் கொள்கிறேன்.