வலது இருக்கையும் இடது இருக்கையும்



திருச்சி பாலக்கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இரண்டு சத்தம் காதில் விழுவதே இல்லை. ஒன்று ரயில். இன்னொன்று, புதுக்கோட்டை சாலைப் பக்கம் ஏறி இறங்குகிற விமானம். சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய் என்று அது பாட்டுக்குப் போய்வந்துகொண்டிருக்கும். யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஒரே ஒரு நாள் மட்டும் ஊரே கழுத்து வலிக்க நிமிர்ந்து பார்த்தது.

2024 அக்டோபர் 11. ஆயுத பூஜை. வண்டிகளைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை பங்கிட்டுக்கொண்டிருந்த நேரம். மாலை 5.40 மணிவாக்கில் சார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. உள்ளே 141 பேர். இறங்க வேண்டுமானால் எடை குறைய வேண்டும்; எடை குறைய எரிபொருள் தீர வேண்டும். அதற்காக இரண்டு மணி நேரத்துக்கு மேல் விமானம் வானத்திலேயே வட்டமடித்தது. விமான நிலையத்தில் தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்சுகளும் வரிசை கட்டி நின்றன. எங்கள் தெருவில் சகாய மாதாவை வேண்டிக்கொண்டவர்களும் உண்டு, சமயபுரத்தாளுக்குக் காசு முடிந்து வைத்தவர்களும் உண்டு. எட்டேகால் மணிவாக்கில் சக்கரம் ஓடுதளத்தைத் தொட்டது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. இடது இருக்கையில் கேப்டன். வலது இருக்கையில் ஒரு பெண் துணை விமானி.

மறுநாள் விஜயதசமி. நல்ல காரியம் கேட்க நல்ல நாள் என்று நினைத்தாரோ என்னவோ, பக்கத்துத் தெருவில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் நண்பர் பிளஸ் டூ படிக்கும் மகனோடு வீட்டுக்கு வந்துவிட்டார். "அண்ணே, உலகம் பூரா பைலட்டுக்குப் பஞ்சமாம்ல? படிச்சு முடிச்சா உடனே வேலைங்கிறாங்க. பையனைச் சேத்துவிடலாமா?" என்றார். பையன் ஒன்றும் பேசவில்லை. கண் மட்டும் முதல் நாள் வானத்திலேயே இருந்தது.

அன்று அவருக்கு அரைகுறையாகச் சொன்ன பதிலை இன்று கொஞ்சம் விசாரித்து, முழுதாகச் சொல்லப் பார்க்கிறேன்.

பஞ்சம் என்பது பொய் இல்லை. 2025இல் போயிங் நிறுவனம் போட்ட கணக்கின்படி, அடுத்த 20 ஆண்டுகளில் உலகத்துக்குப் புதிதாக 6 லட்சத்து 60 ஆயிரம் விமானிகள் வேண்டும். விமானம் விற்பவர் போட்ட கணக்கு, அதனால் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் பார்க்க வேண்டும். ஆனாலும் நம் நாட்டுக் கொள்முதலைப் பாருங்கள். 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்குச் சொல்லி வைத்தது. அதே ஆண்டு ஜூனில் இண்டிகோ 500 விமானங்களுக்கு. இத்தனையையும் ஓட்ட ஆள் வேண்டும். ஒரு விமானத்துக்கு இரண்டு பேர் என்று கணக்குப் போட்டால் தப்பு. விமானம் நாளெல்லாம் பறக்கும். மனிதன் தூங்க வேண்டும். முறை மாற்றி, விடுப்புக்கும் உடம்பு சரியில்லாத நாளுக்கும் சேர்த்து, ஒரு விமானத்துக்குப் பத்துப் பேருக்கு மேலேயே தேவைப்படும். வெளிநாடுகளில் கொரோனா காலத்தில் மூத்த விமானிகள் பலர் முன்கூட்டியே ஓய்வு பெற்றுப் போனார்கள். இருப்பவர்களும் 65 வயதுக்கு மேல் சர்வதேசப் பயணிகள் விமானத்தை ஓட்ட முடியாது.

அப்படியென்றால் லைசென்ஸ் வாங்கியவனுக்கு மறுநாளே வேலை கிடைக்க வேண்டும் அல்லவா? கிடைப்பதில்லை. இந்தியாவில் 2023இல் 1,622 பேருக்குக் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் கொடுத்தார்கள். அதற்கடுத்த ஆண்டு 1,342 பேருக்கு. அவர்களில் வேலைக்காக வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. ஒரு பக்கம் ஆள் இல்லை என்ற கூச்சல், இன்னொரு பக்கம் லைசென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். இது எப்படி?

பஞ்சம் இடது இருக்கைக்கு. கூட்டம் வலது இருக்கைக்கு. விஷயம் அவ்வளவுதான்.

இந்திய விதிப்படி, 18 வயதும் 200 மணி நேரப் பறத்தலும் இருந்தால் கமர்ஷியல் லைசென்ஸ். அதில் 100 மணி நேரம் தானே பொறுப்பேற்றுப் பறந்திருக்க வேண்டும். 300 கடல் மைலுக்குக் குறையாத ஒரு பயணம், வழியில் இரண்டு விமான நிலையங்களில் இறங்கி ஏறி, தனியாகப் போய்வர வேண்டும். திருச்சியிலிருந்து சென்னை போய்த் திரும்புகிற வான்தூரம் ஏறக்குறைய அவ்வளவு. இதெல்லாம் செஸ்னா மாதிரிச் சின்ன விமானத்தில். ஆயிரம் அடி உயரத்தில் சதுரமாக ஒரு சுற்று, இறங்கு, ஏறு, மறுபடி ஒரு சுற்று. ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி. நாலு கோபுரத்தை அடுக்கினால் வரும் உயரத்தில் வாரக்கணக்கில் இப்படிச் செக்கு சுற்றினால்தான் கை படியும்.

கேப்டன் ஆவதற்கு வேறு லைசென்ஸ். அதற்குக் குறைந்தது 1,500 மணி நேரம். நிறுவனங்கள் கேட்பது பெரும்பாலும் அதற்கும் மேலே. சட்டப்படி ஒருவர் ஆண்டுக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது. எனவே வலது இருக்கையிலிருந்து இடது இருக்கைக்கு நகர நாலைந்து ஆண்டுகள் பிடிக்கும். பணத்தைக் கொட்டி அந்த ஆண்டுகளைச் சுருக்க முடியாது. தென்னங்கன்றுக்கு இரட்டை உரம் போட்டால் அடுத்த மாதம் இளநீர் வந்துவிடுமா? அதனால்தான் நம் நிறுவனங்கள் இடது இருக்கைக்கு வெளிநாட்டுக் கேப்டன்களை அழைத்து வருகின்றன.

2025 டிசம்பர் முதல் வாரத்தை மறந்திருக்க மாட்டீர்கள். நாடு முழுக்க இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்து. டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கு மேல். கல்யாணத்துக்குக் கிளம்பியவர்களும் நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பியவர்களும் விமான நிலையத் தரையில் படுத்திருந்தார்கள். காரணம், விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தி, இரவில் தரையிறங்கும் எண்ணிக்கையையும் குறைத்த புது விதி. விதி திடீரென்று வந்ததில்லை. வரப்போவது முன்பே தெரியும். அதற்கேற்ற ஆளை நிறுவனம் எடுத்து வைக்கவில்லை. களைத்த விமானி தூங்க வேண்டும் என்று சொல்லும் விதியில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. அந்த வாரத்துப் பஞ்சம் நாட்டில் இருந்ததல்ல, நிறுவனத்தின் திட்டத்தில் இருந்தது.

இதைவிடப் பெரிய பஞ்சம் ஒன்று உண்டு. கற்றுக்கொடுக்கிறவர் பஞ்சம். பறக்கும் பள்ளியில் பயிற்றுநராக இருப்பவர் மணிக்கணக்கு சேர்ந்ததும் விமான நிறுவனத்துக்குப் போய்விடுகிறார். சம்பளம் அங்கே பல மடங்கு. அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் விதைநெல்லை அவித்துத் தின்றுவிட்டு அடுத்த போகத்துக்கு நாற்று கேட்டால் எங்கே போவது? வெயிலும் வானமும் விமானமும் இருந்தும் பயிற்றுநருக்காக மாணவர்கள் காத்துக் கிடக்கிறார்கள். ஒன்றரை ஆண்டில் முடிய வேண்டிய படிப்பு மூன்று ஆண்டு இழுக்கிறது.

இந்த இடத்தில் சுந்தரம் தம்பதியரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. வி. சுந்தரம், 1930இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் ஃபிளையிங் கிளப்பில் பயிற்றுநராக இருந்தவர். 1948இல் பெங்களூரு ஜக்கூரில் அரசு விமானப் பயிற்சிப் பள்ளி வந்தபோது அதற்குத் தலைமை ஏற்றார். அங்கே 1949இல் தேறி வந்தவர் அவருடைய மனைவி உஷா சுந்தரம். சுதந்திர இந்தியாவின் முதல் பெண் விமானி என்று அவரைச் சொல்வார்கள். 1950களின் தொடக்கத்தில் சென்னை அரசு வாங்கிய டவ் விமானத்தை இருவருமாக இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தார்கள். விமானி பெயர் பேப்பரில் வரும். பயிற்றுநர் பெயர் வராது. சுந்தரம் மாதிரி இரண்டும் வாய்த்தவர்கள் குறைவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1939 மே 16 முதல் பேசிக்கொண்டிருக்கிற திருச்சி வானொலியில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட்டால் பாவம். விமானி ஆவதற்கு வானிலை, வழிகாணல், விதிகள், இயந்திரம் என்று எழுத்துத் தேர்வுகள் உண்டு; ஒவ்வொன்றிலும் 70 மதிப்பெண் வேண்டும். அதையெல்லாம் ஊதித் தள்ளிய பிள்ளைகள் தடுக்கி விழுகிற ஒரு தேர்வு ஆர்.டி.ஆர். அதாவது, வானொலியில் பேசத் தெரிகிறதா என்கிற தேர்வு. த்ரீ என்று சொல்லக் கூடாது, ட்ரீ. ஃபைவ் இல்லை, ஃபைஃப். நைன் இல்லை, நைனர். இரைச்சலில் ஒன்று இன்னொன்றாகக் கேட்டுவிடக் கூடாது என்பதற்கு இந்த ஏற்பாடு. கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்னதைக் காதில் வாங்கியபடியே திருப்பிச் சொல்ல வேண்டும்.

இது எதற்கு இத்தனை கறார்? 1977 மார்ச் 27, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரிஃப் தீவு. மூடுபனியில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுதளத்திலேயே மோதி 583 பேர் செத்தார்கள். அனுமதி கிடைத்துவிட்டதாக நினைத்து விமானத்தைக் கிளப்பிய டச்சுக் கேப்டன், தன் நிறுவனத்தில் மற்ற விமானிகளுக்குப் பாடம் நடத்தும் மூத்தவர். விமானி அறையில் அவரோடு இருந்தவர்களுக்குச் சந்தேகம் வந்தது, அழுத்திச் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் 'டேக் ஆஃப்' என்ற சொல்லை, நிஜமாகவே கிளம்ப அனுமதி தரும்போது தவிர வேறெங்கும் வாயில் எடுப்பதில்லை என்று ஆனது. பெரியவர் தவறு செய்தால் சின்னவர் வாய் திறந்து சொல்ல வேண்டும் என்பதும் தனிப் பாடமாகவே வந்தது. 'ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்று வளர்க்கப்பட்ட நம் பிள்ளைகளுக்கு, வழிகாணலைவிட இந்தப் பாடம்தான் கடினம் என்பேன்.

இனிப் பணம். உதிரிபாகக் கடை நண்பர் முகம் சுருங்கியது இந்த இடத்தில்தான். உத்தரப் பிரதேசத்தில் ஃபர்சத்கஞ்சில் உள்ள அரசு நிறுவனமான இந்திரா காந்தி ராஷ்டிரிய உரான் அகாடமியிலேயே பயிற்சிக் கட்டணம் 45 லட்சத்தை ஒட்டி வருகிறது. லைசென்ஸ் வாங்கிய பிறகு ஏர்பஸ் 320, போயிங் 737 போன்ற ஒரு குறிப்பிட்ட வகை விமானத்துக்கு டைப் ரேட்டிங் செய்ய வேண்டும். அதற்கு இன்னும் 15, 20 லட்சம். விமான நிறுவனங்களே நடத்தும் கேடட் திட்டங்கள் ஒரு கோடியைத் தொடுகின்றன. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்காமல் இவ்வளவு கடன் கிடைப்பது அபூர்வம். பட்டியலினத்து மாணவர்களுக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் இந்தப் படிப்பும் சேர்ந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பள்ளி எங்கே இருக்கிறது? வெகு தூரம் போக வேண்டாம். 2022இல் விமான நிலைய ஆணையம் புதிய பயிற்சிப் பள்ளிகளுக்கு என்று தேர்ந்தெடுத்த ஐந்து ஊர்களில் சேலமும் ஒன்று. வடக்கே குளிர்காலப் பனிமூட்டத்தில் பறத்தல் நின்றுபோகும் நாட்களில் நம் பக்கம் வானம் பெரும்பாலும் தெளிந்தே இருக்கும். இந்த வானத்தை நாம் பாதிகூடப் பயன்படுத்தவில்லை என்பது என் ஆதங்கம். ஆனால் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகச் சேர்ந்துவிடாதீர்கள். சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககமான டி.ஜி.சி.ஏ. 2025 அக்டோபரில் பயிற்சிப் பள்ளிகளை முதல் முறையாகத் தரம் பிரித்து வெளியிட்டது. அதில் மேல் இரண்டு படிகளிலும் நாட்டில் ஒரு பள்ளிகூட இடம்பெறவில்லை. எல்லாம் பி, சி. அந்தப் பட்டியலைப் பார்க்காமல் யாரிடமும் பணம் கட்டக் கூடாது. எத்தனை விமானம் என்று கேட்காதீர்கள்; அதில் இன்று பறக்கும் நிலையில் எத்தனை, பயிற்றுநர் எத்தனை பேர், சென்ற ஆண்டு சேர்ந்தவர்கள் இதுவரை எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், ஊர் பேர் வேண்டாம், ஓர் ஏஜென்சி பேச்சை நம்பி வெளிநாட்டுப் படிப்புக்கு எட்டு லட்சம் முன்பணம் கட்டியது. அதற்குப் பிறகுதான் பையனுக்கு மருத்துவப் பரிசோதனை. நிறப் பார்வையில் குறை என்று தள்ளிவிட்டார்கள். பணம் திரும்பி வரவே இல்லை. கண்ணாடி போட்டவர்கள் பயப்பட வேண்டியதில்லை. கண்ணாடியோடு 6/6 தெரிந்து, பவரும் வரம்புக்குள் இருந்தால் போதும். நிறப் பார்வைக் குறையை முதலிலேயே ஒரு மருத்துவர் சொல்லியிருப்பார்.

ஆகவே, பிளஸ் டூ முடிக்கப்போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவரிடம் போய் முதலில் கிளாஸ் டூ மெடிக்கல், அதன் பிறகு கிளாஸ் ஒன் மெடிக்கல், இரண்டையும் முடியுங்கள். இதற்கு ஆவது சில ஆயிரங்கள்தான். அந்தக் காகிதம் கைக்கு வரும்வரை, எந்தப் பள்ளிக்கும் எந்த ஏஜெண்டுக்கும் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள்.