மஞ்சள் தடவிய கார்டு

காலணாக் கார்டு என்று நம் தாத்தாமார் சொல்வார்களே, அந்த அஞ்சலட்டை இந்தியாவுக்கு வந்தது 1879ஆம் ஆண்டு. பெரிய பெரிய குடும்பங்களைப் பல தலைமுறைகள் கட்டிக்காத்தது அதுதான். மூலைகளில் மஞ்சள் தடவியிருந்தால் கல்யாணம், காதுகுத்து என்று நல்ல சேதி. கறுப்பு மை தடவியிருந்தால் வாசலிலேயே நின்று படித்துவிட்டுக் கிழித்துப் போடுவார்கள். வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள்.

பிறகு இன்லண்ட் லெட்டர். பசு கன்று ஈன்றது, சின்னவனுக்கு வேலை கிடைத்தது, கிணற்றில் தண்ணீர் இல்லை என்று எழுதி, ஒட்டுகிற மடிப்பின் ஓரத்தில்கூட இரண்டு வரி நுணுக்கியிருப்பார்கள். ஒருவர் உரக்கப் படிக்க, வீடே உட்கார்ந்து கேட்கும்.

இப்போது வாட்ஸ்அப் குழு இருக்கிறது. 1024 பேர் சேரலாம், எந்த வம்சத்துக்கும் தாராளமாகப் போதும். ஆனால் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் அத்தையின் கண் ஆபரேஷன் சேதி புதைந்துபோகிறது. அதனால் ஒன்று செய்யுங்கள். வாரம் ஒருவர் முறை வைத்து, எல்லா வீட்டுக்கும் போன் போட்டு விசாரித்து, ஞாயிற்றுக்கிழமை அதைக் குரல் பதிவாகப் போடட்டும். கண் மங்கிய பாட்டியும் கேட்பார். கல்லூரிப் பிள்ளைகளிடமும் அந்த முறையைக் கொடுங்கள். உறவுமுறை தானாக மனப்பாடமாகும்.

துக்கச் சேதியை மட்டும் குழுவில் போட்டதோடு விட்டுவிடாதீர்கள். பெரியவர்களிடம் பேசிச் சொல்லுங்கள். "போனில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்" என்று ஒரு சித்தப்பா மனம் நொந்தால், அது ஆற வருஷக்கணக்காகும்.