செக்குழைப்பில் எரிந்த விளக்கு



தாம் பட்ட துன்பத்தைப் பலர் நடுவே எடுத்துரைத்தல் தற்பெருமையாகாதோ என்று அன்பர் சிலர் வினவுவதுண்டு. 'யாம் தறி நெய்து பிழைப்போர். எம் வீட்டுப் பெண்டிர் கைமுறுக்குச் சுற்றுவோர். கோயில் மண்டபத்திலே சொல்லத்தக்கது எம் வாழ்வில் யாதுளது?' என்பதும் அவர்தம் ஐயம்.

இதற்குப் பெரியபுராணமே விடை. சோழ அமைச்சராய் விளங்கிய சேக்கிழார் பெருமான் 12ஆம் நூற்றாண்டிலே அருளிய அந்நூலில் மன்னர் உளர், மறையவர் உளர். குயவரும் ஏகாலியரும் பரதவரும் அவ்வரிசையிலேயே உளர். காம்பீலி நகரத்து நேச நாயனார் செய்த தொண்டு யாது? அடியார்க்கு உடையும் கீளும் கோவணமும் நெய்து கொடுத்தார், அவ்வளவே. நம்மூர்த் தறிக்காரருக்கு அவர் அயலாரல்லர்.

கலிய நாயனார் வரலாற்றைச் சற்றே நின்று நோக்குவோம். திருவொற்றியூர்ச் சக்கரப்பாடித் தெருவிலே செக்குத்தொழில் நடத்திய செல்வர் அவர். திருக்கோயிலின் உள்ளும் புறமும் அல்லும் பகலும் விளக்கெரித்தலைக் கடனாகக் கொண்டார். செல்வம் தேய்ந்தது. சுற்றத்தாரிடம் எண்ணெய் பெற்று விற்று, அக்கூலியால் விளக்கேற்றினார். அவர்களும் கொடாது மறுத்தபோது, பிறர் செக்கிலே கூலியாளாய் உழைத்தார். நேற்றுவரை முதலாளியாய் இருந்தவர் இன்று அயலார் செக்கைச் சுற்றிவருகின்றார் என்றால், அத்தெருவில் எத்தனை கண்கள் அவரை நோக்கியிருக்கும்! கூலியாட்கள் மிகுந்தமையால் அவ்வேலையும் கிட்டாதாயிற்று. மனையை விற்றார். ஈற்றில் மனைவியாரையும் விற்கத் துணிந்தார், கொள்வார் இல்லை.

இவ்விடத்திலே தாய்மார்கள் முகம் சுளிப்பர். சுளிப்பது முறையே, பின்பற்றத்தக்க செயலென்று அடியேனும் கூறேன். சேக்கிழார் இதனை மறைத்திருக்கலாம், மறைத்தாரல்லர். வறுமை ஒருவரை எவ்வெல்லைவரை ஈர்த்துச் செல்லும் என்பதை உள்ளவாறே உரைத்தார். எண்ணெயற்ற அகலைக் குருதியால் நிறைக்கக் கழுத்தை அரியப் புகுந்த அவர் கையை இறைவன் பற்றிக்கொண்டான்.

கலியர் கதையைப் பிறர் சொன்னார்கள். தம் கதையைத் தாமே சொன்னவர் அப்பர் பெருமான். சமணம் சார்ந்திருந்ததும், சூலை நோய் வருத்தியதும், தமக்கை திலகவதியாரிடம் திரும்பிவந்ததும் அவர் வரலாறு. மணம் பேசிய கலிப்பகையார் போரில் மாண்டபின், உயிர்விடத் துணிந்தும் தம்பிக்காகவே உயிர் தாங்கிய அம்மையார் அவர்! திருவதிகைத் திருமுன்னிலையில் அப்பர் தம் வயிற்று வலியைச் சொல்லியே அழுதார். 7ஆம் நூற்றாண்டில் எழுந்த அப்பதிகத்தை நோயுற்றோர் இன்றும் ஓதுகின்றனர். அதனைத் தற்பெருமை என்பார் எவர்?

தறி நின்ற நாளிலே குடும்பம் காத்தவர் இங்கே இருப்பீர்கள். விரல் நோவ முறுக்குச் சுற்றிப் பிள்ளையைப் படிக்கவைத்த தாயும் இங்கே இருப்பார். தீபாராதனைக்கு இன்னும் நாழிகை இருக்கிறது. அடியேன் அமர்கின்றேன், உங்களுள் ஒருவர் எழுந்து பேசுக.